கம்பியில்லா மைக்குக்கு டோன் வைத்த மத்தியானம்

— மறுபடியும் மூட்டம் போட்டுடுச்சு டீச்சரம்மா. வெளியே வாங்க, வெளியே வாங்க. மேடைத் திரைக்குப் பின்னாலே போனாலே இந்த மைக்கு செத்துப் போயிடுது.

— என்ன அடைக்கலம், இத்தனை நேரம் தொண்டை கிழியப் படிச்சுண்டிருந்தேன். ஒண்ணுமே கேக்கலையா?

— சத்தம் கேக்குது. சொல்லு கேக்கலை. கம்பளிக்குள்ளே தலையை விட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. இப்ப பாருங்க, முன்னாலே வந்து நின்னு பேசறீங்க, மணி அடிச்ச மாதிரி வருது. என்கிட்ட இருக்கற கம்பி மைக்கெல்லாம் ஒருநாளும் இப்படி இடம் பார்த்து வேலை செஞ்சதில்லை.

— சுவர் தாண்டிக்கூடக் கேக்கும்னு கோபு சொன்னானே.

— உங்க தம்பி கைலாசபுரத்துலே பாய்லர் செய்யற எஞ்சினீயரு. பாய்லரைப் பத்திச் சொன்னா கைகட்டிக் கேட்டுக்கறேன்.

— பயிற்சிக்குன்னு கடல் தாண்டிப் போனவா எல்லாம் புடவையும் வாட்ச்சுமா வாங்கிண்டு வரா. இவன் அக்காவுக்குன்னு இதைத் தூக்கிண்டு வந்திருக்கான். அவனைக் கேலி பண்ணாதேங்கோ.

— கேலி இல்லைம்மா, பயம். வெள்ளைக் கோபுரம் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. 'கம்பியில்லா மைக்கில் வைதேஹி சொல்லும் கதை'ன்னு. அடியிலே என் பேரையும் போட்டுட்டீங்க. தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கற மைக் செட்டுக்காரன் அத்தனை பேரும் சாயங்காலம் முன் வரிசையிலே வந்து உட்காரப் போறான், அடைக்கலம் எப்படா கவுந்து விழுவான்னு. இன்னைக்குச் சறுக்கினா இந்த ஊர்லே எனக்கு இன்னொரு விசேஷம் கிடையாது.

— எனக்கு மட்டும் என்னவாம்? நான் மேடையிலே நிக்கவே போறதில்லை. திரைக்குப் பின்னாலே குரல் மட்டும் கேக்கணும், அப்புறம் ஜனங்களுக்கு நடுவிலே நடந்துண்டே சொல்லணும். முகம் தெரியாத குரல். அதான் கதையே. கம்பியைக் கட்டி இழுத்துண்டு போனா, கிணத்துலே ராட்டினம் இழுக்கற மாதிரின்னா இருக்கும்!

— ராட்டினத்துக்கும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பாங்கம்மா நம்ம சனங்க.

— சிரிக்காதேங்கோ. வாசகர் சங்கத்துலே எல்லாரும் மெட்ராஸ்லேருந்து ஆள் கூப்பிடலாம்னுதான் சொன்னா. நான்தான் பிடிவாதமா உங்க பேரைச் சொன்னேன். சின்ன வயசுலே ஒரு மார்கழி பஜனையிலே பார்த்திருக்கேன். அத்தனை பேர் நடுவிலே போய், 'உங்க ஜால்ராவிலே விரிசல் இருக்கு, வேற எடுங்க'ன்னு ஒருத்தர்கிட்ட சொன்னேள். திருப்பிப் பார்த்தா நிஜமாவே விரிசல். அந்தக் காதை நம்பித்தான் கூப்பிட்டேன்.

— அந்தக் காது இன்னும் இங்கேதான் ஒட்டிக்கிட்டிருக்கு. கோளாறு இந்தத் திரையிலே. வெல்வெட்டு பாருங்க. அலையைக் குடிச்சிடுது.

— அலையா? காவேரி அலையா?

— காத்துலே வர்ற அலைம்மா. ஈரத்துணி மாதிரி உறிஞ்சிடுது. வேணும்னா அந்தத் தூணுக்குப் பின்னாலே போய் நின்னு பேசுங்க. மைக்கோட வாலைச் சுருட்டிக்காதீங்க, தொங்க விடுங்க.

— எலிவால் மாதிரி அசிங்கமா இருக்கே.

— அந்த வாலுதான் கம்பிக்குப் பதில். போங்க. முதல்லே ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க.

— சரி, போறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... மைக் டெஸ்டிங்...

— சுத்தம்! பாத்தீங்களா, கல்லுத் தூணைத் தாண்டி வருது! திரைதான் திருடன். இப்ப உங்க கதையைச் சொல்லுங்க.

— பனி பெய்துகொண்டிருந்தது. நிலையத்தின் கடைசி விளக்கையும் அணைத்துவிட்டு...

— என்னது?

— ...மணியடிப்பவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவள் மட்டும்...

— நிறுத்துங்க, நிறுத்துங்க. மூட்டம். இங்கே வாங்க.

— ஒண்ணு ரெண்டு மூணு மட்டும் நன்னாக் கேட்டுதோ?

— கணீர்னு.

— அது எப்படி? அதே மைக், அதே தூண், அதே தொண்டை.

— கதைன்னு வந்தா நீங்க குரலைத் தாழ்த்திடறீங்க. தூங்கற குழந்தைக்குச் சொல்ற மாதிரி. என்ன கதைம்மா அது, மணியடிக்கறவன் வர்றான்னு நோட்டீஸ்லே பார்த்தேன்?

— நானா எழுதினதுதான். ராத்திரியெல்லாம் வெளிதேசத்துக் கதையாப் படிக்கறேனா, என் பேனாவிலேயும் பனிதான் கொட்டறது. ஒரு சின்ன ரயில் நிலையம். ராத்திரி ஒருத்தி யாருக்காகவோ உக்காந்திருக்கா. அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்துப் பங்குனி வெயில்ல விசிறியும் கையுமா உக்காந்துண்டு பனியைப் பத்தி எழுதறேன்னு எங்காத்துலே சிரிக்கறா.

— மார்கழிப் பனி எனக்குத் தெரியும்.

— இது வேற. பஞ்சு பஞ்சா விழுந்துண்டே இருக்கும். சத்தமே போடாது. காலையிலே கதவைத் திறந்தா ஊரே காணாமப் போயிருக்கும்.

— சத்தம் போடாத சமாச்சாரத்தை மைக்குலே சொல்லணும்னு எங்கிட்ட வந்திருக்கீங்க! இருக்கட்டும். மைக்குக்கு அடியிலே பொடிசா ஒரு திருகு இருக்கே, அது என்ன?

— லெவல்னு கோபு சொன்னான். மைக்கோட வந்த காகிதத்துலே இருக்கற பாஷை அவனுக்கே பாதிதான் தெரியும். படம் போட்டிருக்கு. இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு ஊதுகுழல்.

— அப்ப பேச்சுக்கு வாய்ப் பக்கம். திருப்புங்க.

— விரல் நுழையலை.

— கொண்டை ஊசி இருக்கா?

— இருங்கோ... ம், திரும்பறது.

— இன்னும் கொஞ்சம். நான் ஆம்ப்ளிஃபயர் பொட்டியிலே கட்டையைக் குறைச்சுக் கீச்சைத் தூக்கறேன்.

— கீச்சா?

— டோனும்மா. நெஞ்சுலேருந்து வர்றது கட்டை. பல்லிடுக்குலே, நுனி நாக்குலே வர்றது கீச்சு. சத்தத்தைக் கட்டை சுமக்கும், சொல்லைக் கீச்சுதான் பிரிச்சுக் காட்டும். சொல்லுங்க இப்ப, தூணுக்குப் பின்னாலேயே போய்.

— பனி பெய்துகொண்டிருந்தது... இருங்கோ, வெளியே வரேன். அடைக்கலம், காதைக் குத்தறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஊசி குத்தறது.

— குத்துதா? எனக்கு இன்னும் மந்தமாத்தான் இருக்கு. முழுசாத் தூக்கிடறேன். இப்ப மேடையிலே வந்து, குழாய் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நில்லுங்க. கூட்டத்துக்குள்ளே நடந்து போறப்ப அப்படித்தானே நிப்பீங்க?

— இப்படியா? பனி பெய்து... ஐயோ! அடைக்கலம்! அணைங்கோ! ஐயய்யோ, அணைங்கோ!

— சொல்லுங்க, நான் குனிஞ்சு திருகைப் பார்க்கறதுக்குள்ளே ஏன் நிறுத்திட்டீங்க?

— அடைக்கலம்! காது!

— காதைப் பொத்திக்கிட்டு நின்னா எப்படிம்மா? படிங்க. நான் திருகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— பெருமாளே... அணைச்சுட்டேன். நானே மைக்கை அணைச்சுட்டேன். ஏன் பேசாம நின்னேள்?

— ஏங்க! ஏங்க, என்னங்க பண்ணீங்க? ஏங்க!

— அடைக்கலம், உங்களைத்தான். பின்னாலே யாரோ ஓடி வந்து கூப்பிடறா பாருங்கோ.

— யாரு? அட, மயிலு! இவதாம்மா என் சம்சாரம் மயிலம்மா. மரத்துலே குழாய் கட்டறது, கம்பி இழுக்கறது எல்லாம் அவதான். என்னடி, மூச்சு வாங்குது?

— வாங்காம? மாமரத்துலே ரெண்டாவது குழாயைக் கட்டிக்கிட்டிருந்தேங்க. மண்டைக்குள்ளே ஆணி அடிச்ச மாதிரி ஒரு கூவல்! ஏணியிலேருந்து விழத் தெரிஞ்சேன். புறா அத்தனையும் பறந்து போச்சு.

— என்ன கூவல்?

— ...என்ன கூவலா?

— கீ...ன்னு, அடைக்கலம். நான் அணைக்கற வரைக்கும் நிக்கவே இல்லை. ஜன்னல் வழியாப் பாருங்கோ, தெருவிலே வண்டிக்காரர் இறங்கி மாட்டைப் பிடிச்சுண்டு நிக்கறார்.

— ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு விளையாடறீங்களா?

— விளையாடற வேளையா இது?

— குழாய்க்கு நேர் கீழே நிக்கறேன்மா நான்! கூவினா எனக்குத் தெரியாதா? மைக்கு கூவறதுக்கு முந்தியே திருகைத் திருப்பறதுதானே என் தொழில்! சமயபுரம் பூச்சொரிதல், எலெக்‌ஷன் மீட்டிங், கல்யாணம், காதுகுத்துன்னு வாழ்நாள் பூரா குழாய்க்கு அடியிலே நின்னவன்.

— என் காதுலே இன்னும் ரீங்காரம் நிக்கலை.

— என் காதைப் பத்திச் சந்தேகமா? இதோ, இப்பகூட ஜன்னலுக்கு வெளியே சில்வண்டு கத்தறது கேக்குது எனக்கு. அவ்வளவு பொடி சத்தம். அது கேக்கறவனுக்குக் கூவல் கேக்காதா?

— சில்வண்டா? எங்கே?

— அதோ... விடாம கத்துதே. எங்க காட்டூர்லேயும் ராப்பகலாக் கத்துது. மயிலு, சொல்லு.

— ...காட்டூர்லே ஏதுங்க சில்வண்டு, இந்த வெயில் காலத்துலே.

— என்னடி உளர்றே?

— அடைக்கலம், வெளியே ஒண்ணுமே கத்தலை. மத்தியான நேரம். தெருவே அடங்கிக் கிடக்கு.

— போதும்மா. எனக்குப் புரிஞ்சு போச்சு. உங்களுக்கு இந்த மைக்கை விட்டுக் கொடுக்க மனசில்லை, தம்பி வாங்கிட்டு வந்ததாச்சே. டப்பாவிலே போட்டுக் கட்டுங்க. நம்ம பழைய மைக்கை எடுக்கறேன். மேடையிலே நின்னு சொல்லுங்க, அமிர்தமா வரும்.

— அப்போ கதையையே நிறுத்திடறேன். வாசல்லே நின்னு வரவாகிட்ட எல்லாம் நானே சொல்லிடறேன்.

— ஏங்க, மைக்கு மேலே பழி போடாதீங்க.

— உனக்கு என்ன தெரியும் மைக்கைப் பத்தி?

— மைக்கைப் பத்தித் தெரியாதுங்க.

— தெரியாதில்லே? அப்ப பேசாம நில்லு. டீச்சரம்மா, கடைசியா ஒரு தடவை பார்த்துடுவோம். திருகை நடுவிலே வைங்க. நானும் கீச்சை இறக்கிட்டேன். மேடையிலே, என் கண்ணுக்கு எதிரே நின்னு, ஒரு வரி சொல்லுங்க.

— இருங்கோ. பதட்டத்துலே வரியெல்லாம் மறந்து போச்சு...

— ஆங்! அப்படித்தான்! அப்படித்தான்! சுத்தமா வருது. மயிலு, கேட்டியா? 'அவள் மட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.' ஒரு எழுத்து சிந்தலை! லெவலைத் தொடாதீங்க டீச்சரம்மா, இதுதான் கணக்கு.

— அடைக்கலம்...

— கட்டையும் கீச்சும் தராசுலே வெச்ச மாதிரி நிக்குது. இதைத்தானே காலையிலேருந்து தேடிக்கிட்டிருந்தேன்!

— நான் இன்னும் மைக்கைத் திறக்கலை.

— என்னது?

— அணைச்சது அணைச்சபடி இருக்கு. பொத்தானைப் பாருங்கோ. மைக்கு மட்டும் இல்லை, நான் வாயைத் திறந்து குரலே விடலை. வரி ஞாபகம் இருக்கான்னு எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துண்டேன். உதடு மட்டும்தான் அசைஞ்சுது.

— இல்லை. கேட்டேன். உங்க குரல்லேயே கேட்டேன்மா. பலகைன்னு கேட்டேன், உட்கார்ந்திருந்தாள்னு கேட்டேன். கேக்காத வார்த்தை எனக்கு எப்படித் தெரியும்?

— அதான் எனக்கும் புரியலை. மயிலம்மா, நீங்க அவர் பக்கத்துலேதானே நின்னேள். ஏதாவது கேட்டுதா?

— சொல்லு மயிலு.

— கேக்கலைங்க.

— மைக்கைக் கொடுங்க இங்கே. பொத்தான்லே ஏதாவது கோளாறு... அணைச்சும் வேலை செஞ்சிருக்கும். புது சாமான்.

— நீங்களே பாருங்கோ. இந்தாங்கோ.

— ...அணைஞ்சுதான் இருக்கு.

— கம்பி இருந்த வரைக்கும் எல்லாரும் உங்க எதிரேயே நின்னு பேசினா, அடைக்கலம். கம்பி போற தூரம்தானே அவா போக முடியும். நீங்க உதட்டைப் பார்த்துண்டே... கண்ணாலேயே கேட்டிருக்கேள். உங்களுக்கே தெரியாம. இன்னிக்குத்தான் ஒருத்தி திரைக்குப் பின்னாலே போயிட்டேன்.

— கண்ணாலே கேக்கறதா? என்னம்மா பேச்சு இது. உங்க கதையிலே வேணும்னா நடக்கும். ...மயிலு.

— என்னங்க?

— டீச்சரம்மா முகத்துலே ரத்தமே இல்லை. உன் முகம் அப்படியே இருக்கே. ஏன்? உனக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க.

— எப்போலேருந்து?

— எலெக்‌ஷனுக்கு ரொம்ப முந்தி. நம்ம ரங்கநாயகி கொல்லையிலே பாம்பைப் பார்த்துட்டு அலறினாளே, நீங்க முன்கட்டுலே ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. தலையைத் தூக்கலை. பெத்த பொண்ணு அலறுது, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரேன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதுக்கும் தலையைத் தூக்கலை. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

— பாம்பா? ரங்கநாயகியா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— தெரு சனம் பூரா கொல்லை வழியா வந்து அடிச்சாங்கங்க.

— அப்ப மீட்டிங்லே எல்லாம் மைக்கு கூவினா? நான் எப்படி...

— நான் எதுக்கு உங்க பக்கத்துலேயே உட்கார்றேன்னு நினைச்சீங்க? கூவ ஆரம்பிச்சா எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு வந்து, 'கூட்டத்துலே ஒரு பெரியவரு கீச்சு ஜாஸ்தியா இருக்குங்கறாரு'ன்னு உங்ககிட்ட சொல்லுவேன். எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

— 'எந்தச் செவிட்டுப் பயடி அவன்'னு கேப்பேன்.

— கேப்பீங்க. திட்டிக்கிட்டே திருகைக் குறைப்பீங்க. அது போதும் எனக்கு.

— அடப் பாவி. சொல்லியிருக்கலாமேடி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னேங்க. எத்தனையோ தடவை. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு உங்க முதுகைப் பார்த்துச் சொன்னேன். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் வரலை. காது போச்சுன்னு தெரிஞ்சா நீங்க பொட்டியை மூடிடுவீங்க. பொட்டியை மூடிட்டா அந்த வீட்டுலே எந்த மூலையிலே போய் உட்காருவீங்க? அதை நினைச்சாலே...

— மயிலம்மா, அழாதேங்கோ. அடைக்கலம், நீங்க உக்காருங்கோ முதல்லே. சாயங்காலத்தைப் பத்திக் கவலைப்படாதேங்கோ. நான் பழைய மைக்குலேயே, மேடையிலே நின்னே சொல்லிடறேன். உங்க எதிரேயே நிக்கறேன். ஒருத்தருக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியுமே.

— நான் வாயே திறக்க மாட்டேன். ரங்கன் மேலே ஆணை.

— நீங்க திறக்காட்டியும்தான் எனக்குக் கேக்குதே டீச்சரம்மா.

— அப்படிப் பேசாதேங்கோ.

— இல்லைம்மா, சும்மா சொன்னேன். இத்தனை வருஷமா ஊர்லே இருக்கறவன் தொண்டைக்கெல்லாம் லெவல் வெச்சேன். எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்துடணும். இப்பவே பார்த்துடணும். ஆள் வர்றதுக்குள்ளே.

— டாக்டர்கிட்ட போகலாங்க. டவுன்லே பெரிய ஆஸ்பத்திரியிலே காதுக்குன்னே ஒருத்தரு...

— டாக்டரு அப்புறம். மயிலு, நீ இப்படி வந்து நில்லு. ஆனா என்னைத் தொடக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. ஒரு பெரியவரும் வரக்கூடாது. தெரியுதா?

— சரிங்க.

— நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கப் போறேன். டீச்சரம்மா, மைக்கைக் கீழே வைங்க. வெறும் குரல்லே, எனக்குப் பின்னாலேருந்து பேசுங்க.

— என்ன பேசட்டும்? உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா?

— பேரு வேணாம். கூப்பிடப் போறீங்கன்னு தெரிஞ்சா கூப்பிட்ட மாதிரியே இருக்கும். எண்ணிக்கையும் வேணாம். கதையிலே அந்தப் பலகை வர்ற வரியும் வேணாம், அது இப்ப எனக்கு மனப்பாடம். இத்தனை நாளும் நான் தெரிஞ்சதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன் போல.

— அடைக்கலம், வேண்டாமே. நாளைக்குப் பார்த்துக்கலாமே.

— ஏங்க, டீச்சரம்மா சொல்றாங்க இல்லே...

— ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போங்க. போயிட்டீங்களா? திரும்பறேன். ...திரும்பிட்டேன். எனக்குத் தெரியாதது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா.